அம்மம்மாவின் றங்குப்பெட்டியை வாசிப்பது எப்படி

பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். எல்லோரும் செய்யும் முதல் பிழை அதுதான். மாரி மழையில் ஈரம் குடித்த கடதாசி எங்கள் திருகோணமலை வெயிலில் அரை மணி நேரம் கிடந்தால் அப்பளம்போல நொறுங்கும், மையும் வெளிறிவிடும். நிலத்தில் ஒரு பழைய நூல் சீலையை விரித்து, ஃபானை மெதுவாகச் சுழலவிட்டு, கடதாசிகளை மடிப்போடு இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிறகு பிரியுங்கள். பிரித்த உடனே ஃபோனில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்ட வேண்டாம். லமினேற் கடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

நான் இந்த ஊரில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் 31 வருடம் தட்டச்சு செய்தவள். உறுதி, ஈட்டுப் பத்திரம், சத்தியக் கடதாசி என்று எத்தனை ஆயிரம் பக்கம் அடித்திருப்பேனோ தெரியாது. இப்போது ஓய்வு. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்தாறு பெண்கள் கூடி, அவரவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து அம்மம்மா, அப்பம்மா, பூட்டி என்று ஒவ்வொருத்தியின் வாழ்க்கையையும் எழுதிப் பழகுகிறோம். கோணேசர் கோவிலுக்குக் கல்வெட்டு இருக்கிறது, பாடல் இருக்கிறது. அம்மம்மாவுக்கு இருப்பது கூப்பன் கொப்பியும் ஒரு காணி உறுதியும் யாரோ எழுதிக் கொடுத்த கடிதமும்தான். அதை வைத்து எழுத முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் ஒவ்வொரு கடதாசியையும் எடுத்து, இது அவளிடம் என்ன கேட்டது, என்ன கேட்காமல் விட்டது என்று இரண்டு முறை பார்க்க வேண்டும்.

பிறப்புப் பத்திரத்தில் தொடங்குங்கள்

எல்லோர் வீட்டிலும் அது இருக்கும் என்பதால் சொல்கிறேன். என்னுடையதையே எடுக்கிறேன். நான் 1966இல் பிறந்தவள். தகப்பனின் இனம் இந்தியத் தமிழர், தொழில் கடைச் சிப்பந்தி. தாயின் இனம் இலங்கைத் தமிழர். தாயின் தொழில்? அதற்குக் கட்டமே இல்லை. அந்த வருடம் எங்கள் வீட்டு வாடகையைக் கட்டியது அம்மாவின் தையல் மெஷின். அப்பாவின் சம்பளம் அரிசிக்கும் சீனிக்கும் சரி.

அதற்குக் கீழே ஒரு கேள்வி இருக்கிறது, ‘பெற்றார் விவாகஞ் செய்தவர்களா?’ என்று. ‘ஆம்’ என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு ‘ஆம்’ என்னை நாடற்றவள் ஆக்கியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை தகப்பன் வழியாகத்தான் வரும். என் தகப்பன் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கடை வேலைக்குத் திருகோணமலை வந்தவர். அவருக்குக் குடியுரிமை இல்லை. அம்மா ஏழு தலைமுறை இந்த ஊர்க்காரி, ஆனால் சட்டம் அவளைக் கேட்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், விவாகம் செய்யாமல் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் என்ற இடத்தில் தாயை வைத்து வாசிக்கச் சொல்கிறது அதே சட்டம். அம்மா தாலி கட்டாமல் என்னைப் பெற்றிருந்தால் நான் பிறந்த அன்றே பிரஜை. இதை நான் ஒருமுறை சொன்னபோது அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

1988இல் நாடற்றோருக்கான விசேட சட்டம் வந்தது. சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். அதை அடிப்பதற்காகத்தான் அந்த நொத்தாரிசு அலுவலகத்துக்கு முதன்முதலாகப் போனேன். அங்கிருந்த தட்டச்சுப் பிள்ளை கலியாணமாகி நின்றுவிட்டாளாம். என் கடதாசியை நானே அடித்துக் கொடுத்தேன், அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். தாய் வழியாகவும் குடியுரிமை வரலாம் என்று சட்டத்தைத் திருத்தியது 2003இல்.

இதோடு சேர்த்துப் பார்க்க ஒரு பழைய சட்டம் சொல்கிறேன். அமெரிக்காவில் வேர்ஜீனியா என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்தில் 1662இல், பிள்ளையின் நிலை தாயின் நிலைப்படி என்று சட்டம் போட்டார்கள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. இங்கிலாந்தின் வழமைப்படி பிள்ளைக்குத் தகப்பன் வழிதான். ஆனால் வெள்ளை எசமானன் தன் கறுப்பு அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் வழி பார்த்தால் அது சுதந்திரப் பிள்ளையாகிவிடும். தாய் வழி பார்த்தால் தோட்டத்துக்கு இன்னொரு கூலியில்லா ஆள். கொடுக்க வேண்டிய இடத்தில் தகப்பனைக் கேட்பதும், பறிக்க வேண்டிய இடத்தில் தாயைக் கேட்பதும் எப்படி ஒத்துப்போகிறது பாருங்கள். நடுவில் ஏறக்குறைய 300 வருடமும் ஒரு பெருங்கடலும் இருக்கின்றன. ஆகவே உங்கள் பெட்டியில் எந்தப் பத்திரத்தை எடுத்தாலும், இப்படி எழுதியதால் யாருக்கு இலாபம் என்று ஓரத்தில் ஒரு வரி குறித்துவையுங்கள்.

பெயர் இல்லாத கடிதம்

என் அம்மம்மா டொக்யார்ட்டில் இருந்த ஒரு ஆங்கிலேய அதிகாரி வீட்டில் ஆயாவாக இருந்தவர். 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டு அவர்கள் போகும்போது, அந்த அம்மையார் ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நல்ல தடித்த தாள், நீல மை. ஆயா நேர்மையானவள், சுத்தமானவள், பிள்ளைகள் அவளோடு ஒட்டிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறது. இரண்டு பிள்ளைகளின் பெயரும் இருக்கின்றன. நாயின் பெயர்கூட இருக்கிறது. ஒன்பது வருடம் வேலை செய்த அம்மம்மாவின் பெயர் இல்லை. ‘எங்கள் ஆயா’, அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் கடிதம் கிடைத்தால் உடனே கோபப்பட்டு மூடிவைக்காதீர்கள். இன்னும் பாருங்கள். அந்த அம்மையாரும் ஒரு கணக்கில் கட்டுப்பட்டவர்தான். கணவனின் பதவி போகும் இடமெல்லாம் பெட்டி கட்டியவர், கையெழுத்திலேயே கணவனின் பெயரைத்தான் போட்டிருக்கிறார். அவருக்கும் கீழே நின்று அவருடைய பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவர் அம்மம்மா. அந்த நேரம் அம்மம்மாவின் சொந்தப் பிள்ளையை, அதாவது என் அம்மாவை, பக்கத்து வீட்டு ஆச்சி கஞ்சி கொடுத்து வளர்த்தார். ஆச்சிக்கு மாதம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எந்தக் கடதாசியிலும் இல்லை.

பெட்டியில் கடதாசி மட்டும் இருக்காது. அம்மம்மாவின் பெட்டியில் ஒரு இனாமல் குவளை இருக்கிறது, வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு, பிடிக்குப் பக்கத்தில் இனாமல் கழன்று துருப்பிடித்த ஒரு பொட்டு. பங்களாவில் அம்மம்மா தேத்தண்ணி குடித்த குவளை. அது மற்றப் பாத்திரங்களோடு அலுமாரிக்குள் போகாது, பின்படியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். போகும்போது அதையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

1977 கலவரத்தில் தோட்டத்தில் லயம் எரிந்து, அப்பாவின் தாய், எங்கள் அப்பாயி, ஒரு பையோடு திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார். எனக்குப் பதினொரு வயது. அம்மம்மா ‘இருங்கோ’ என்றார், மரியாதையாகத்தான். பிறகு குசினிக்குள் போய், மேல்தட்டில் இருந்த அந்த இனாமல் குவளையை எடுத்து, கழுவி, அதில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் எட்டுப் பீங்கான் கோப்பை இருந்தது. அப்பாயி இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். குடித்து முடிய எழும்பிப்போய்க் கிணற்றடியில் தானே கழுவி, பின்படியில் கவிழ்த்து வைத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ‘தோட்டக்காட்டாள்’ என்ற சொல்லை அம்மம்மா அடுப்படியில் எத்தனை தரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதை எழுத வேண்டுமா என்று எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு முழுப் பின்னேரம் சண்டை. எழுதத்தான் வேண்டும் என்பது என் முடிவு. அம்மம்மாவைப் பாவமாக மட்டும் காட்டினால் அது அவரைப் பற்றிய கதையாக இராது, நன்றாகத் தோய்த்துக் காயப்போட்ட சீலையாக இருக்கும்.

தோட்டத்துக் கடதாசிகள்

அப்பாயியின் பையில் மூன்றே கடதாசி. இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் தாத்தா போட்ட குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம் அதில் ஒன்று. மனைவியும் பிள்ளைகளும் அவருடைய விண்ணப்பத்துக்குள்ளேயே இருந்தார்கள், ஆகவே அவரோடு சேர்ந்து எல்லோரும் நிராகரிக்கப்பட்டார்கள். உங்கள் பெட்டியிலும் இப்படி இருந்தால், அந்தப் பெண் தனியாக எப்போதாவது எங்காவது கையெழுத்தோ பெருவிரலோ வைத்தாளா என்று தேடுங்கள். அப்பாயியின் பெருவிரல் முதன்முதல் தெரிவது சங்கச் சந்தா ரசீதில்.

சம்பளத்தைப் பற்றி அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன், ஏனென்றால் செக்ரோல், அதாவது தோட்டத்தின் பேர்ப் பதிவு, நம் வீட்டுக்கு வராது. காலையில் பிரட்டுக்களத்தில் பேர் போட்டால்தான் வேலை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. ஆணும் பெண்ணும் ஒரே நாள் நின்றாலும் பெண்ணுக்குக் குறைந்த கூலி. தோட்டங்களில் சமசம்பளம் வந்தது 1984இல். அந்தக் குறைந்த கூலியையும் சம்பள நாளில் தாத்தாதான் போய் வாங்கினார். ‘எவ்வளவு வந்திச்சின்னு நான் எண்ணிப் பாத்ததே இல்ல புள்ள’ என்றார் அப்பாயி.

இங்கே வீட்டுக் கதையை நாட்டுக் கதையோடு கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் புலம்பலாகப் போகும். ஒரு சின்ன கால அட்டவணை கொப்பியின் கடைசிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 1927இல் அரசியலமைப்பை மாற்றுவது பற்றி விசாரிக்க பிரித்தானியாவின் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போனவர்களில் அக்னஸ் த சில்வா ஒருவர். தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வேண்டுமா என்று கேட்டார்கள். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். 1931இல் 21 வயதான பெண்களுக்கு வாக்கு வந்தது, பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு முன்பே. அடுத்த வரியில் 1948, 49: தோட்டத்து மக்களின் குடியுரிமையும் வாக்கும் பறிபோனது. 1960: உலகத்தின் முதல் பெண் பிரதமர், சிறிமாவோ பண்டாரநாயக்க. 1964: அதே பிரதமர் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு செய்த உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்ளவும் தீர்மானித்தார்கள்; மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அப்பாயியின் தங்கை தலைமன்னாரில் கப்பல் ஏறியது அந்தக் கணக்கில். 1960ஐயும் 1964ஐயும் அடுத்தடுத்த வரியில் எழுதிப் பாருங்கள். ஒரு பெண் மேலே போனால் எல்லாப் பெண்ணும் மேலே போவாள் என்று மேடையில் பேசுபவர்களுக்கு நான் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

உறுதி வாசிக்கும்போது

இது என் தொழில், கொஞ்சம் நீளமாகச் சொல்ல விடுங்கள்.

எங்கள் கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடுவளவு மகளுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே சீதன உறுதிகளைத் தேடினால் அம்மா, அம்மம்மா, பூட்டி என்று பெண்களின் பெயர் வரிசையாக வரும். பார்த்துச் சந்தோஷப்படுங்கள், ஆனால் அந்தச் சந்தோஷத்தில் மூன்றாம் பக்கத்தை வாசிக்காமல் விடாதீர்கள். அந்தக் காணியை வைத்து முடிவு எடுத்தவர் யார், ஈடு வைத்தது யாருடைய கடனுக்கு என்று பின்பக்கப் பதிவுகள் சொல்லும்.

பெர்மிட் காணி வேறு கதை. கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்களில் அரசு கொடுத்த காணிகள் 1935இன் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் வந்தவை. உரித்தாளியைப் பெயர் குறிக்காமல் செத்தால் வாரிசு வரிசையில் ஆணுக்கு முன்னுரிமை, அதிலும் மூத்தவருக்கு. மகளுக்கு வீடு போகும் மாவட்டத்துக்குள் மகனுக்குக் காணி போகும் சட்டம் வந்து உட்கார்ந்தது. அதைத் திருத்தியது 2022இல். யாருக்குக் காணி, எந்த இனத்துக்கு எத்தனை ஏக்கர் என்று ஊர் முழுக்கச் சண்டை நடந்த காலத்தில், எந்தப் பக்கத்திலும் பெண்ணின் பெயரை யாரும் கேட்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும் கிழக்கில் பல இடங்களில் இதே கதை. தாயின் பெயரில் இருந்த வீடு கடலோடு போனது, புதிய வீடு ‘குடும்பத் தலைவர்’ என்று கணவனின் பெயரில் வந்தது.

வடக்கிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் குடும்பமென்றால் தேசவழமையையும், அதாவது வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டத்தையும், பாருங்கள். அந்தச் சட்டம் ஊர் மாறினாலும் ஆளோடு கூடவே வரும். 1911இன் கட்டளைச் சட்டப்படி, கலியாணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஒருநாள் ஒரு அக்கா மகளின் படிப்புக்காகத் தன் சீதனக் காணியை விற்க வந்தார். கணவரை 1990இல் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. சம்மதக் கையெழுத்துக்கு ஆள் இல்லை. நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம், அல்லது மரணப் பத்திரம் எடுக்கலாம் என்று சொல்லப்பட்டது. ‘அவர் செத்துப்போனார் எண்டு எழுத என்ர கை வராது பிள்ளை’ என்று சொல்லி, கொண்டுவந்த கடதாசிகளை ஒன்றொன்றாகப் பழைய மடிப்பிலேயே மடித்து சொப்பிங் பைக்குள் வைத்தார். இருபது நிமிடம் எடுத்தது. காணாமற்போனோருக்கு ‘காணாமை’ச் சான்றிதழ் என்று ஒன்று 2016இல் வந்தபோது அவரைத் தேடினேன், வீடு மாறிப் போய்விட்டார்.

என் பிழை ஒன்றும் இருக்கிறது. உப்புவெளிப் பக்கத்து அம்மா ஒருவர் காணி வாங்க வந்தார். காசு மடியிலிருந்து வந்தது, எல்லாம் சின்னத் தாள், கருவாட்டு மணம். எனக்கு நேரமில்லை. தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று அடித்தேன். அவர் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, ‘இல்லையா?’ என்று என்னைப் பார்த்தார். அந்த உறுதி இன்றும் எங்கோ அப்படியே இருக்கிறது. பழைய உறுதியில் ‘தொழில் இல்லை’ என்று கண்டால் நம்பாதீர்கள், என்னைப்போல ஒருத்தி அவசரத்தில் அடித்திருப்பாள்.

மூன்று குவியல் வேண்டாம்

எங்கள் கூட்டத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கடதாசிகளை மூன்றாகப் பிரித்தாள்: பெண் என்பதால் வந்தது, இனத்தால் வந்தது, ஏழ்மையால் வந்தது. சாதியை எங்கே வைப்பது என்று கேட்டேன். முழித்தாள். அப்பாயியின் நிராகரிப்புக் கடிதத்தை எந்தக் குவியலில் வைப்பது? மூன்றிலும்தான்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனிமேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1964க்கு முன் அந்தக் கம்பனி கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவே இல்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்றதும் அவர்கள்தான் போனார்கள். கம்பனி பெண்களை எடுத்திருக்கிறது (வெள்ளைப் பெண்கள்), கறுப்பினத்தாரை எடுத்திருக்கிறது (ஆண்கள்). இரண்டையும் சேர்த்து ஒரு வழக்காகக் கொண்டுவர முடியாது என்று 1976இல் நீதிமன்றம் சொன்னது. இந்த ஓட்டையைப் பிடித்துத்தான் கிம்பர்லே கிரென்ஷோ என்ற சட்ட அறிஞர் 1989இல் எழுதினார். இப்படிப் பல ஒடுக்குமுறைகள் ஒருத்திமேல் ஒன்றாகச் சேர்ந்து விழுவதற்கு அவர் வைத்த பெயரை நம்மவர்கள் இப்போது ஊடுவெட்டு என்றெல்லாம் மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அந்த இனாமல் குவளையை நினைத்தால் போதும், விளங்கிவிடும்.

ஆகவே குவியல் வேண்டாம். வருட வரிசையில் அடுக்குங்கள்.

கடதாசி பொய்யும் சொல்லும். மூதூரில் பிறந்த றிசானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறப்புப் பத்திரத்தின்படி 17 வயது. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அவர் பொறுப்பில் விட்ட நாலு மாதக் குழந்தை இறந்தது. முதல் விசாரணையில் அவருக்கு வழக்கறிஞர் இல்லை. 2013 ஜனவரி 9இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே வருடம் இங்கே ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டு வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். தகப்பனிடம் அப்படி அறிக்கை கேட்கவில்லை. இரண்டு பத்திரம் வேறு வேறு வயது சொன்னால், ஒன்றைக் கிழித்துவிடாமல் இரண்டையும் வையுங்கள்.

கிண்ணியாவிலிருந்து வரும் என் சிநேகிதி தன் உம்மாவின் கலியாணப் பதிவைக் கொண்டுவந்தார். வலியின், அதாவது பெண்ணுக்குப் பொறுப்பான ஆணின், கையெழுத்து இருக்கிறது, மாப்பிள்ளையின் கையெழுத்து இருக்கிறது. மணப்பெண்ணின் கையெழுத்தை 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கேட்கவில்லை. ‘உம்மாவுக்கு நல்ல கையெழுத்து, அரபுத் தமிழும் எழுதுவா’ என்று மட்டும் சொன்னார்.

கேட்டு எழுதுவது

உயிரோடு இருப்பவர்களிடம் கேட்கும்போது, உங்களை ஒடுக்கினார்களா என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். கடைசியாகச் சாப்பிட்டது யார், சம்பளத்தை எண்ணியது யார், யார் வீட்டில் தண்ணி குடிக்க மாட்டீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். கையில் வேலை இருக்கும்போது கேட்பது நல்லது, முருங்கையிலை உருவும்போது வராத கதை நாற்காலியில் வராது. மருமகளை வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம். 83, 90, 2006 என்று யுத்தம் பக்கம் போய்க் கதை நின்றால், நீங்களும் நில்லுங்கள். சம்பூர் அம்மா ஒருவர் 2006ஐத் தாண்டி ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வெற்றுப் பக்கத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம்.

எழுதி முடித்ததும் கடதாசிகளை அமிலமில்லாத வெள்ளைத் தாளுக்குள் வைத்து, பெட்டிக்குள் வேப்பிலை போடாமல் (கறை பிடிக்கும்) மூடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் யாருடையது என்று மென்மையான பென்சிலால் எழுதுங்கள். நற்சான்றுக் கடிதத்தின் பின்பக்கம் அம்மம்மாவின் முழுப்பெயரை எழுதியிருக்கிறேன். குவளையின் அடியில் ஒட்டிய துண்டில் இரண்டு பெயர். பேனை வேண்டாம், மை மறுபக்கம் ஊறும்.